வால் மட்டும் மாறியது: ஒரு சிவப்பணுவின் வளைவு குறித்த நிகழ்வு ஆய்வு

கல்லூரி ஆய்வகத்தில் என் சொந்த ரத்தத்தை முதன்முறையாக நுண்ணோக்கியில் பார்த்த அன்று ஏமாந்துபோனேன். பாடப்புத்தகத்தில் இருந்தது நடுவில் குழிந்த அழகான வட்டு. என் கண்ணுக்குத் தெரிந்ததோ நெருஞ்சிக் காய்கள். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சலைனில் மூன்று முறை கழுவி, பளிச்சென்று துடைத்த ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து, கவர்ஸ்லிப்பால் மூடியிருந்தேன். செய்முறைக் குறிப்பேட்டில் சொன்னபடிதான் எல்லாம்.

"சார், செல்லுக்கெல்லாம் முள்ளு முளைச்சிருக்கு."

செய்முறை வகுப்பு ஆசிரியர் லென்ஸில் கண்ணை வைக்கக்கூட இல்லை. "ரொம்பக் கழுவிட்டப்பா. ஓரத்துல ஒரு சொட்டு பிளாஸ்மா விடு."

விட்டேன். கவர்ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து அது உள்ளே ஊர்ந்துவந்தது. அது தொட்ட இடத்தில் முட்கள் ஒவ்வொன்றாக அமுங்கின. சற்று நேரத்தில் பாடப்புத்தக வட்டுகள் வந்துவிட்டன. செல் சாகவில்லை, வெடிக்கவில்லை, அதன் உள்ளடக்கம் எதுவும் வெளியே கொட்டவில்லை. வெறுமனே உருவம் மாறி, திரும்ப வந்தது.

இது பழைய சங்கதி. கண்ணாடி தன்னைத் தொட்டிருக்கும் சலைனைச் சற்றுக் காரமாக்கும்; அந்தக் காரத்தில் சிவப்பணு முள் விடும். முள்ளை அடக்கும் பொருள் பிளாஸ்மாவில் உள்ள ஆல்புமின் என்று 1940-இல் எழுதியவர்கள் இருவர்: எரிக் பாண்டர், ராபர்ட் ஃபர்ச்காட். ஃபர்ச்காட்டின் முனைவர் பட்ட வேலை அது. நைட்ரிக் ஆக்சைடுக்காக 1998-இல் நோபல் பரிசு வாங்கிய அதே ஃபர்ச்காட்தான். சிவப்பணுவின் முள்ளில் தொடங்கியவர் ரத்தக்குழாயின் சுவரில் போய் முடித்தார்.

எனக்கு அன்று தொற்றிக்கொண்ட கேள்வி வேறு. வட்டு என்ற அந்த வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது எது? சவ்வில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளின் உருவத்துக்கும், அவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய செல்லின் உருவத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று பாடப்புத்தகம் ஒரு கூம்புப் படம் போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதை நிஜமான செல்லில் சோதித்துப் பார்த்த பரிசோதனை ஒன்று இருக்கிறது: நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம், 1984. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன். நேர்த்தியான பரிசோதனை. ஆனால் அது நிரூபித்ததாகப் பலர் நினைப்பதை அது முழுசாக நிரூபிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஏன் சிவப்பணு

மனிதச் சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, உள்ளே மடிந்து கிடக்கும் வேறு சவ்வும் இல்லை. இருப்பது ஒரே ஒரு வெளிச்சவ்வு. அதில் ஒன்றை மாற்றினால் மாறியது அதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். 1925-இல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுவின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் பரப்பி, அது செல்லின் பரப்பைப்போல இரண்டு மடங்கு இருப்பதாகக் கண்டு, சவ்வு இரட்டை அடுக்கு என்று சொன்னதும் இந்த வசதியால்தான்.

அளவுகளைக் கையில் வைத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 140 சதுர மைக்ரோமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 90 கன மைக்ரோமீட்டர். அதே பரப்பை உருண்டையாக்கினால் 150-க்கும் மேல் கொள்ளும். அதாவது சட்டை உடம்பைவிடப் பெரியது. தொளதொளவென்று இருப்பதால்தான் எந்தப் பக்கமும் வளைய இடமிருக்கிறது.

சவ்வின் கொழுப்பு மூலக்கூறு (லிப்பிட்) பெரும்பாலானவற்றுக்கு நீரை நாடும் ஒரு தலையும், நீரை ஒதுக்கும் வால்களும் உண்டு. கீழே வரும் நீளப் பெயர்கள் அந்த மூலக்கூறு வகைகளின் பெயர்கள். இந்தச் சவ்வின் இரண்டு அடுக்கும் ஒன்றுபோல இல்லை. வெளி அடுக்கில் பாஸ்படிடைல்கோலினும் ஸ்ஃபிங்கோமையலினும் அதிகம். உள் அடுக்கில் பாஸ்படிடைல்எத்தனோலமைனும் பாஸ்படிடைல்செரினும். 1973-இல் உட்ரெக்ட் குழு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. பாஸ்படிடைல்கோலினில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளியே, செரின் வகை கிட்டத்தட்ட முழுசும் உள்ளே. அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று நாகப்பாம்பு விஷத்திலிருந்து எடுத்த பாஸ்போலிப்பேஸ். செல் உடையாமல் இருக்கும்போது அந்த நொதியால் வெளி அடுக்கை மட்டுமே கடிக்க முடியும். எது கடிபட்டதோ அது வெளியே இருந்தது, எது தப்பியதோ அது உள்ளே இருந்தது.

பாம்புக் கடியில் இதே நொதி செய்யும் வேலையும் நம் கதைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இரண்டு வால் உள்ள பாஸ்படிடைல்கோலினிலிருந்து அது ஒரு வாலை வெட்டிவிடும். மிஞ்சுவது ஒற்றை வால் லைசோலெசித்தின். அதை மிகச் சிறிய அளவில் சிவப்பணுவின்மேல் விட்டால் முள் முளைக்கும். கூடுதலாக விட்டால் செல் உடைந்து ரத்தச் சிவப்பு வெளியே வரும். ரத்தத்தைச் சிதைப்பது என்று பெயரெடுத்த விஷங்களின் வேலையில் ஒரு பகுதி, வால் இழந்த மூலக்கூறின் உருவத்தால் நடக்கிறது.

அப்பளக் கணக்கு

உருவ மாற்றங்களுக்குப் பெயர் வைத்தவர் பாரிஸின் மார்செல் பெஸ்ஸி. வட்டு டிஸ்கோசைட். முள் விட்டது எக்கினோசைட், அதாவது கடல் முள்ளெலி. ஒரு பக்கம் குழிந்து கிண்ணமானது ஸ்டொமட்டோசைட், அதாவது வாய். நான் முள், வட்டு, கிண்ணம் என்றே எழுதுகிறேன்.

ஏராளமான மருந்துகள் செல்லை முள்ளாக்கும், வேறு பல கிண்ணமாக்கும் என்பது 1970-களுக்குள் தெரிந்துவிட்டது. இரண்டு வகைக்கும் வேதியியல் ஒற்றுமை எதுவும் பிடிபடவில்லை. 1974-இல் மைக்கேல் ஷீட்ஸும் ஜொனாதன் சிங்கரும் ஒரு எளிய விளக்கம் கொடுத்தார்கள். சான் டியகோவிலிருந்த அதே சிங்கர்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகல்சனோடு சேர்ந்து சவ்வைத் திரவம்போல் நகரும் பரப்பாகக் காணும் பாய்ம மாதிரியை முன்வைத்தவர்.

மொட்டைமாடியில் அப்பளம் காயவைத்தவர்களுக்கு அந்த விளக்கம் உடனே புரியும். மேல்பக்கம் முதலில் காய்கிறது, சுருங்குகிறது. கீழ்ப்பக்கம் இன்னும் ஈரம். இரண்டும் ஒட்டியிருப்பதால் சுருங்கிய பக்கம் உள்வளைவாகி ஓரம் தூக்கிக்கொள்கிறது. சவ்வும் அப்படித்தான் என்றார்கள். இரண்டு அடுக்கும் பிரியாமல் ஜோடியாக இருக்கின்றன. ஒன்றின் பரப்பு சற்றுக் கூடினாலும் மொத்தமும் வளைந்தாக வேண்டும். வெளி அடுக்கு விரிந்தால் முள், உள் அடுக்கு விரிந்தால் கிண்ணம்.

மருந்துகள் இதில் அழகாகப் பொருந்தின. உள் அடுக்கில் எதிர்மின்னூட்டம் உள்ள பாஸ்படிடைல்செரின் இருக்கிறது. குளோர்புரோமசின் போன்ற நேர்மின்னூட்ட மருந்து உள்ளே போய்ச் சேர்கிறது; கிண்ணம். டைநைட்ரோபீனால் போன்ற எதிர்மின்னூட்டப் பொருள் வெளியிலேயே தங்குகிறது, முள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்து வட்டு அப்படியே நிற்கிறது என்பதையும் பின்னர் காட்டினார்கள்.

எவ்வளவு விரிவு வேண்டும்? ஒரு கை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு அடுக்குகளின் நடுத்தளங்களுக்கு இடையே 3 நானோமீட்டர் என்று வையுங்கள். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளைவுக்கு வெளி அடுக்கின் பரப்பு உள் அடுக்கைவிட 2 × 3 ÷ 1000 மடங்கு, அதாவது 0.6 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும். ஓர் அடுக்கில் ஏறத்தாழ 20 கோடி லிப்பிட் மூலக்கூறுகள் என்று கொண்டால், 12 லட்சத்தை ஒரு பக்கம் கூடுதலாக நுழைத்தாலே போதும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. என் ஸ்லைடில் இருந்த செல்கள் அவ்வளவு சுலபமாக உருவம் மாறியதில் வியப்பில்லை.

இந்தக் கருதுகோளில் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மூலக்கூறின் உருவம் வரவே இல்லை. எந்தப் பக்கம் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பரப்புக் கணக்கு மட்டும்தான்.

கிணற்றுச் செங்கல்

உருவத்தைப் பேசியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். 1976-இல் ஆஸ்திரேலியாவில் இஸ்ரேலாக்விலி, மிட்செல், நின்ஹம் மூவரும் மூலக்கூறு எப்படி அடுக்கப்படும் என்பதற்கு ஒரு விகிதம் கொடுத்தார்கள்: வாலின் பருமனை, தலை பிடிக்கும் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே வந்தால் சிறு உருண்டை. பாதிக்கும் ஒன்றுக்கும் இடையே என்றால் வளைந்த இரட்டை அடுக்கு. ஒன்றை ஒட்டி வந்தால் தட்டை. ஒன்றைத் தாண்டினால் தலைகள் உள்ளே, வால்கள் வெளியே என்று எல்லாமே தலைகீழ்.

போட்டுப் பார்ப்போம். 16 கார்பன் வால் ஒன்றின் பருமன் சுமார் 0.46 கன நானோமீட்டர். முழுசாக நீட்டினால் நீளம் சுமார் 2.2 நானோமீட்டர். வகுத்தால் 0.21. கோலின் தலை பிடிக்கும் இடம் 0.65 சதுர நானோமீட்டர் என்றால், ஒற்றை வால் லைசோலெசித்தினுக்கு விகிதம் 0.32. இரட்டை வாலுக்கு 0.64. முதலாவது சிறு உருண்டை கட்டும், இரண்டாவது சவ்வு கட்டும். விஷம் ஒரு வாலை வெட்டியபோது நடந்தது என்ன என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

வட்டக் கிணறு கட்டுவதற்கென்று ஒரு பக்கம் குறுகிய செங்கல் அறுப்பார்கள். சாதாரணச் செங்கலிலும் வட்டம் கட்டலாம். ஆனால் வெளிப்பக்கம் வாய் பிளக்கும் இடைவெளியைச் சாந்தால் அடைக்க வேண்டும். சரிவாக அறுத்த கல்லில் வட்டம் தானாக வரும். லைசோலெசித்தின் தலை அகன்ற கல். பாஸ்படிடைல்எத்தனோலமைன் தலை சிறுத்து வால் அகன்ற கல். ஓலிக் அமில வால் இரண்டு உள்ள வகையைத் தனியாக விட்டால் அது சுமார் 3 நானோமீட்டர் ஆரத்துக்குத் தலைகீழாகச் சுருண்டுகொள்ளும். பாஸ்படிடைல்கோலின் ஏறக்குறைய நேரான கல்.

ஆக, கையில் இரண்டு விளக்கங்கள். அப்பளம் சொல்வது: பரப்பு மாறினால் வளையும். செங்கல் சொல்வது: சரிவு மாறினால் வளையும். பெரும்பாலான பரிசோதனைகளில் இரண்டும் ஒரே பதிலைத் தரும். லைசோலெசித்தினை வெளியில் விட்டால் வெளி அடுக்கில் மூலக்கூறும் கூடுகிறது, அதுவும் தலை அகன்ற மூலக்கூறாக இருக்கிறது. முள் வந்தது எதனால்? சொல்ல முடியாது. எண்ணிக்கையை மாற்றாமல் சரிவை மட்டும் மாற்ற ஒரு வழி வேண்டும்.

உட்ரெக்ட், 1984

வழி மாட்டு ஈரலிலிருந்து வந்தது. பாஸ்படிடைல்கோலினை மட்டும் பிடித்து ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்குக் கொண்டுபோகும் சிறு புரதம் ஒன்றை அதே உட்ரெக்டில் 1970-களின் தொடக்கத்தில் தூய்மைப்படுத்தியிருந்தார்கள். அதன் உள்ளே ஒரு மூலக்கூறுக்குத்தான் இடம். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். சந்தையில் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாற்றுவதுபோல, ஒன்றுக்கு ஒன்று. எண்ணிக்கை மாறாது.

ஃபிரான்ஸ் கூய்பர்ஸ், பென் ரூலோஃப்சன், ஓப் டென் காம்ப், வான் டீனன் ஆகியோரின் குழு செய்தது இதுதான். மனிதச் சிவப்பணுக்களை எடுத்தார்கள். தங்களுக்கு வேண்டிய வால்களுள்ள பாஸ்படிடைல்கோலினால் செய்த நுண்குமிழ்களோடும் அந்தப் புரதத்தோடும் சேர்த்து வைத்தார்கள். செல்லின் சொந்தப் பாஸ்படிடைல்கோலின் மெல்ல வெளியே போக, புதியது உள்ளே வந்தது. பெரும்பாலும் வெளி அடுக்கில்தான். இந்த லிப்பிட் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவப் பல மணி நேரம் எடுக்கும். தலை எல்லாவற்றிலும் ஒரே கோலின் தலை. மாறியது வால் மட்டும்.

வால் மாறுவது என்றால் என்ன என்பதைச் சமையலறையில் பார்த்திருக்கிறோம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடும். முன்னதில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். வால்கள் நேராக இருப்பதால் நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன. பின்னதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு லினோலிக் அமிலம்; 18 கார்பன் வாலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு முறிப்பு. முறிந்த வால் அகலமாகப் பரவும், நெருங்கவிடாது.

சிவப்பணுவின் சொந்தப் பாஸ்படிடைல்கோலினில் முக்கியமானவை ஒரு நேர் வாலும் ஒரு முறிந்த வாலும் சேர்ந்தவை: பால்மிட்டிக்கோடு ஓலிக், பால்மிட்டிக்கோடு லினோலிக். அவற்றையே தூய வடிவில் மாற்றிக் கொடுத்தபோது வட்டு வட்டாகவே இருந்தது. இது முக்கியமான ஒப்பீடு. மாற்றும் வேலையே செல்லைக் கெடுக்கவில்லை என்று தெரிகிறது.

இரண்டு வாலும் நேரான பால்மிட்டிக் வகையைக் கொடுத்தார்கள். மாற்றும் அளவு கூடக்கூட வட்டின் ஓரம் நெளிந்து, மேடு தட்டி, கடைசியில் முள்முள்ளான உருண்டை ஆனது. 18 கார்பன் ஸ்டியரிக் வால் இரண்டு உள்ள வகையும் முள் பக்கமே தள்ளியது.

இரண்டு வாலும் முறிந்த லினோலிக் வகையைக் கொடுத்தார்கள். செல் எதிர்ப்பக்கம் போனது. நடுக்குழி ஒரு பக்கம் ஆழமாகி, மறு பக்கம் புடைத்து, கிண்ணம்.

இப்போது அப்பளக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நேர் வால்கள் நெருங்கிப் படுக்கும், குறைந்த இடம் பிடிக்கும். அப்படியானால் வெளி அடுக்கு சுருங்கியிருக்க வேண்டும். செல் கிண்ணமாகியிருக்க வேண்டும். வந்ததோ முள். முறிந்த வால்கள் அதிக இடம் பிடிக்கும். வெளி அடுக்கு விரிந்து முள் வந்திருக்க வேண்டும். வந்ததோ கிண்ணம். இரண்டு தடவையும் கணக்கு தலைகீழாகத் தப்பியது.

செங்கல் கணக்கு இரண்டு தடவையும் சரி. வால் ஒடுங்கினால் ஒப்பளவில் தலை அகலம், வெளி அடுக்கு வெளிநோக்கிப் புடைக்க விரும்பும், முள். வால் பரந்தால் தலை சிறுத்ததுபோல் ஆகும், வெளி அடுக்கு உள்நோக்கிக் குழிய விரும்பும், கிண்ணம். மறு ஆண்டே இந்தக் குழு தொடர் கட்டுரையை வெளியிட்டபோது, லிப்பிட் மூலக்கூறின் உருவம் சிவப்பணுவின் உருவத்தைப் பாதிக்கிறது என்பதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டது. ஸ்ஃபிங்கோமையலினின் தலையையே நொதியால் வெட்டிவிட்டால் மிஞ்சும் செரமைடு தலை சிறுத்த கல். அது சிவப்பணுவில் உள்நோக்கிக் குழிவதும், உள்ளே சிறு பைகள் கிள்ளிக்கொள்வதும் தெரியவந்தது. இதுவும் செங்கல் பக்கமே சாட்சி.

இன்னொரு முடிவும் உண்டு, அதிகம் பேசப்படாதது. இப்படி மாற்றிக்கொண்டே போக முடியாது. ஓர் எல்லையைத் தாண்டினால் செல் உடைகிறது. இரண்டு நேர் வால் வகை தனியாக இருந்தால் 41 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உடல் வெப்பமோ 37. ஒரு நேர் வால், ஒரு முறிந்த வால் என்று சிவப்பணு வைத்திருக்கும் கலவை தற்செயல் அல்ல என்பதற்கு முள்ளைவிடவும் கிண்ணத்தைவிடவும் இந்த உடைசல்தான் வலுவான சாட்சி என்பேன்.

எனக்கு உறுத்துவது

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சிவப்பணுச் சவ்வில் இன்னொருவர் இருக்கிறார், நாம் இதுவரை பெயர் சொல்லாதவர்: கொலஸ்ட்ரால். பாஸ்போலிப்பிட் (இதுவரை பார்த்த தலை-வால் வகை) மூலக்கூறு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்று என்ற அளவில் இருக்கிறது. பாஸ்படிடைல்கோலினைப்போல மணிக்கணக்கில் காத்திருக்காமல் அடுக்குவிட்டு அடுக்கு வேகமாகத் தாவக்கூடியது.

கொலஸ்ட்ராலுக்கு நேர் வால்களின் சகவாசம் பிடிக்கும். முறிந்த வால்களோடு ஒட்டாது. அப்படியானால் உட்ரெக்ட் பரிசோதனையை வேறு மாதிரியும் சொல்லலாம். வெளி அடுக்கில் நேர் வால்கள் கூடியதும் உள் அடுக்கிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியே இழுக்கப்படுகிறது, வெளி அடுக்கில் ஆட்கள் கூடுகிறார்கள், முள். வெளி அடுக்கில் முறிந்த வால்கள் கூடியதும் கொலஸ்ட்ரால் உள்ளே தள்ளப்படுகிறது, கிண்ணம். இது அப்பளக் கணக்கேதான், கொலஸ்ட்ராலை முன்னால் வைத்து. புரதம் பாஸ்படிடைல்கோலினின் எண்ணிக்கையை மாற்றவில்லை என்பது சரி. கொலஸ்ட்ரால் எந்தப் பக்கம் நின்றது என்பதை அது கட்டுப்படுத்தவில்லையே.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தனியாக அளந்தால் கொலஸ்ட்ரால் தலை சிறுத்த கல்; தலை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ராக்சில்தான். செங்கல் கணக்குப்படி அது கூடினால் கிண்ணம் வர வேண்டும். ஆனால் சிவப்பணுவில் கொலஸ்ட்ராலைக் கூட்டினால் முள் வருகிறது, குறைத்தால் கிண்ணம் வருகிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. இங்கே தோற்றது செங்கல். எந்தப் பக்கம் எவ்வளவு கூட்டம் என்பதே வென்றது.

எனவே 1984-ஐ "உருவக் கொள்கை வென்றது" என்று படிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு லிப்பிடுக்கும் பிறவியிலேயே ஒரு கூம்பு உண்டு, அதைப் பார்த்தே வளைவைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம்தான் இதில் தவறு. தலை பிடிக்கும் இடம் மாறாத எண் அல்ல. நீர் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள், மின்னூட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். நான் மேலே போட்ட 0.65-ஐ 0.60 ஆக்கினால் லைசோலெசித்தினின் விகிதம் 0.35 ஆகி மூன்றில் ஒன்றைத் தாண்டிவிடும். ஆக நேரான கல்லும் சரிவான கல்லும் சூளையில் முடிவாவதில்லை. சுவரில் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதிலும் முடிவாகிறது. செங்கல் உவமை உதவுவது இதுவரைதான்.

அப்பளக் கணக்கும் செத்துப்போகவில்லை. உட்ரெக்ட் முடிவு வெளிவந்த அதே 1984-இல் பாரிஸில் செனெரே, தெவோ இருவரும், பாஸ்படிடைல்செரினையும் எத்தனோலமைனையும் வெளி அடுக்கிலிருந்து உள்ளே இழுத்துப்போடும் ஒரு புரதம் சிவப்பணுவில் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு ஏடிபி எரிபொருள். அடுத்து வந்த பரிசோதனையில் இது கண்ணுக்கே தெரிந்தது. குட்டை வால் பாஸ்படிடைல்செரினை வெளியிலிருந்து செல்லில் சேர்த்தார்கள். முதலில் முள். சற்று நேரம் கழித்து முள் அமுங்கி வட்டு. இன்னும் சற்று நேரத்தில் கிண்ணம். உள்ளே இழுக்கப்பட்ட ஒவ்வொரு மூலக்கூறும் வெளிக்கணக்கில் கழிந்து உள்கணக்கில் கூடியது. அதே மாதிரி பாஸ்படிடைல்கோலினைச் சேர்த்தபோது முள் முள்ளாகவே நின்றது. அதை இழுத்துப்போட ஆள் இல்லை. ஒரே செல், ஒரே மூலக்கூறு, நேரம் மட்டும் ஓடி மூன்று உருவம். இதில் கூம்புக்கு வேலையே இல்லை.

முள் ஏன் இவ்வளவு சீராக, செல் முழுக்க ஒரே இடைவெளியில் முளைக்கிறது என்பதை லிப்பிட் மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. வெறும் லிப்பிட் குமிழாக இருந்தால் வெளி அடுக்கு விரிந்ததும் மொட்டு விட்டுப் பிரிந்துபோயிருக்கும். சவ்வின் அடியில் ஸ்பெக்ட்ரின் புரதத்தால் பின்னிய வலை இருக்கிறது. அது இழுபடுவதை எதிர்க்கிறது. லிப்பிட் வளையச் சொல்கிறது, வலை வேண்டாம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் பேரம் படிந்த இடம்தான் முள். 2002-இல் ஜெரால்ட் லிம், மைக்கேல் வோர்டிஸ், ரஞ்சன் முகோபாத்யாய் மூவரும் இந்தப் பேரத்தைக் கணினியில் போட்டு, இரண்டு அடுக்குகளின் பரப்பு வேறுபாட்டை மட்டும் கூட்டிக் குறைத்து, கிண்ணம், வட்டு, முள் என்ற வரிசை முழுவதையும் வரவழைத்தார்கள்.

அந்தக் கணக்கில் மூலக்கூறின் சரிவும் எண்ணிக்கையும் தனித்தனியாக வருவதில்லை. இயற்பியலின்படி இரண்டும் கலந்து ஒரே எண்ணாக வந்து நிற்கின்றன. வெளியே நின்று செல்லின் உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு, முள் வந்தது சரிவாலா கூட்டத்தாலா என்று பிரிக்க வழியே இல்லை. உட்ரெக்ட் குழு அந்தப் பிரிக்க முடியாததைப் பிரிக்க மிக அருகில் வந்தது. கொலஸ்ட்ரால் ஒன்று குறுக்கே நின்றது.

அதே வால், வேறு இடம்

உட்ரெக்டில் 1970-களில் இன்னொரு வேலையும் நடந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த பீட்டர் கல்லிஸும் அங்கிருந்த பென் டி க்ரூய்ஃபும் பாஸ்பரஸ் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் பாஸ்பரஸ் அணுக்கள் தரும் சைகையைப் படிக்கும் முறை) வைத்து, எந்த லிப்பிட் தட்டையாக அடுக்கும், எது தலைகீழ் அறுகோணக் குழாய்களாகச் சுருளும் என்று பட்டியல் போட்டார்கள். பிறகு கல்லிஸ் வான்கூவருக்குப் போனார். 2005-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையில், ஒரே தலையும் நான்கு விதமான வாலும் கொண்ட நான்கு லிப்பிட்களை ஒப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு 18 கார்பன் வாலிலும் முறையே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்புகள். செல்லுக்குள் ஆர்என்ஏவைக் கொண்டுபோய் வேலை செய்யவைத்ததில் முதலிடம் இரண்டு பிணைப்புக்கு. அதாவது லினோலிக் வாலுக்கு. 1984-இல் சிவப்பணுவைக் கிண்ணமாக்கிய அதே வால்.

அந்த வாலை வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருத்திக்கொண்டே போனதில் வந்தது எம்சி3 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லிப்பிட். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்பாட்ரோ மருந்தின் துகளில் நூற்றுக்கு ஐம்பது மூலக்கூறு அதுதான். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கான மருந்து அது; ஆர்என்ஏவைச் சுமந்து செல்லும் லிப்பிட் துகள் மருந்துகளில் அனுமதி பெற்ற முதலாவது. பின்னர் வந்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் இரட்டைப் பிணைப்பு வாலை விட்டுவிட்டுக் கிளை பிரிந்த வாலுக்குப் போயின. வால் பக்கம் அகலம் வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை.

எம்சி3 வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் என் உறுத்தல் திரும்ப வருகிறது. ரத்தத்தில் போகும்போது அதன் தலைக்குப் பெரும்பாலும் மின்னூட்டம் கிடையாது. அதன் பிகேஏ மதிப்பு 6.44; அதாவது பிஎச் அந்த அளவுக்கு இறங்கினால்தான் பாதித் தலைகள் மின்னூட்டம் பெறும். செல் அதை விழுங்கி எண்டோசோம் என்ற பைக்குள் போட்டதும் சுற்றிலும் அமிலம் ஏறுகிறது; தலை நேர்மின்னூட்டம் பெறுகிறது. எண்டோசோமின் சவ்விலோ எதிர்மின்னூட்ட லிப்பிட்கள் இருக்கின்றன. நேரும் எதிரும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் இரண்டு தலைகளும் சேர்ந்து பிடிக்கும் இடம், தனித்தனியாக இருந்தபோது பிடித்த இடங்களின் கூட்டலைவிடக் குறைகிறது. வால்களோ இரண்டின் வாலும் சேர்ந்து விரிந்து கிடக்கின்றன. அந்த எதிர்மின்னூட்ட லிப்பிட் தனியாக இருந்தவரை தட்டைச் சவ்வில் ஒழுங்காக நின்றது. ஜோடி சேர்ந்ததும் இரண்டும் கூடித் தலை சிறுத்த ஒரே கல் ஆகின்றன. அந்த இடத்தில் தட்டைச் சவ்வு நிற்க முடியாமல் தலைகீழாகச் சுருள, பை கிழிந்து ஆர்என்ஏ வெளியே வருகிறது.